டீக்குத் தேநீர்க் கோப்பை வேண்டாம்

கேள்வி: தரம் 1 பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துச் சுவரொட்டி செய்யப் போகிறேன். ஏ முதல் இசட் வரை 26 எழுத்துக்கும் படம் ஒட்டினால் போதுமா, டீச்சர்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: ஒட்டுங்கள் தங்கச்சி. ஆனால் ஓசை பழக்க அந்த வரிசை உதவாது. எஸ், ஏ, டீ, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறையும் முதலில் பெரிதாகப் போடுங்கள். 'டின்', 'பின்', 'சிட்' என்று பிள்ளைகள் சீக்கிரமே கூட்டி வாசிப்பார்கள்.

நம்ம மலையில் டீ எழுத்துக்குத் தேநீர்க் கோப்பை வரையத்தான் கை போகும். நானும் வரைந்தேன். அது எழுத்தின் பெயரையே திருப்பிச் சொல்கிறது. 'ட்' என்ற ஓசை பிள்ளையின் காதில் விழுவதில்லை. பால் டின் வரையுங்கள். எக்ஸுக்கு சைலபோன் என்ற இசைக்கருவியும் வேண்டாம், எந்தப் பிள்ளை அதைக் கண்டது? 'பொக்ஸ்' வரைந்து கடைசி எழுத்தைச் சிவப்பாக்குங்கள்.

'பின்' (pin), 'பஸ்' (bus) இரண்டையும் நாம் ஒரே 'ப'வில்தான் எழுதுகிறோம். அங்கேதான் தடுமாற்றம். உதட்டுக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். 'பின்' என்றால் துண்டு படபடக்கும், 'பஸ்' என்றால் அவ்வளவாக அசையாது. வகுப்பே சிரிக்கும்.

அப்புறம், மழைக்காலப் பனிக்கு பிரிஸ்டல் போர்ட் சுருண்டுவிடும். லெமினேட் செய்ய முடியாவிட்டால் ஓரம் முழுக்க செலோடேப் ஒட்டுங்கள்.