வாத்து அடை காக்குமா?

வணக்கம் சார்,

நாங்கள் சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் இருக்கிறோம். ஏப்ரல் 12ஆம் தேதி எங்கள் வீட்டு முன்வாசலில், படியை ஒட்டிய புதருக்கடியில் ஒரு காட்டு வாத்து முட்டையிடத் தொடங்கியது. தினமும் ஒன்று. பையன் எண்ணிக்கொண்டே வந்தான். 20ஆம் தேதி ஒன்பதாவது. அதன் பிறகு எழுந்திருப்பதே இல்லை. காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டு வருகிறது, அவ்வளவுதான். நாங்கள் வாசல் கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டோம். கராஜ் வழியாகத்தான் போக்குவரத்து. பீட்சா கொண்டுவருபவருக்குக்கூட அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம்.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "வாத்து என்னைக்கு அடை காத்திருக்கு? கோழிக்கு அடியிலதான் வைக்கணும். இதெல்லாம் கூமுட்டையாத்தான் போகும்" என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு, வாயில்லா ஜீவன், ஒரு கிண்ணம் சோறு வை என்றும் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், கூட்டோடு தூக்கிப்போய்க் குளத்தங்கரையில் வைத்துவிடலாம் என்கிறார். குளம் அரை மைல் தூரம். நடுவில் நாலு வழிச் சாலை. என் கணவர் ஒன்றுமே செய்யாதே என்கிறார். ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

முதலில் கூடவே இருந்த பச்சைத் தலை ஆண் வாத்தை ஒரு வாரமாகக் காணோம். மகள் "அப்பா எங்கே" என்று கேட்கிறாள். நீங்கள் நியூ ஜெர்சியில் இருந்தபோது வீட்டு வாசலில் வாத்து கூடு கட்டியதாக ஒரு கட்டுரையில் ஒற்றை வரி எழுதியிருந்தீர்கள். அது என்ன ஆயிற்று? நாங்கள் என்ன செய்யட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் நான் அவர் கட்சி.

ஆனால் மாமியாரிலிருந்து தொடங்குகிறேன். அவர் சொல்வதில் தப்பில்லை, அவர் பார்த்த வாத்து வேறு. நானும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். அறுவடை முடிந்த வயல்களுக்கு நூற்றுக்கணக்கில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். சிந்திய நெல்லும் நத்தையும் பூச்சியும் தீனி. ராத்திரி வலையால் வளைத்து அடைத்துவிட்டு, விடிந்ததும் முட்டை பொறுக்குவார்கள். அந்த வாத்து போட்ட இடத்திலேயே முட்டையை விட்டுவிட்டு எழுந்து போய்விடும், திரும்பிக்கூடப் பார்க்காது. குஞ்சு வேண்டுமென்றால் அடைக்கோழியைத்தான் தேட வேண்டும்.

அந்த வயல் வாத்துக்கும் உங்கள் வாசல் வாத்துக்கும் ரத்த சொந்தம் உண்டு. உங்கள் வீட்டில் இருப்பது மல்லார்ட். உலகத்தில் மனிதன் வளர்க்கிற வாத்து இனங்களில், மஸ்கோவி என்ற ஒன்றைத் தவிர, மற்றதெல்லாம் மல்லார்டின் வம்சம். அடைக்கு உட்கார்ந்த பறவை முட்டையிடுவதை நிறுத்திவிடும், வளர்ப்பவனுக்கு நஷ்டம். ஆகவே உட்காராத வாத்தாகப் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாக அதையே பெருக்கினோம். அடை காக்கிற குணம் கிட்டத்தட்ட போயேவிட்டது. அப்புறம் யாரையாவது திட்ட "வாத்து மடையன்" என்கிறோம். ஆக, மாமியாரிடம் சொல்லுங்கள்: இது அந்தக் குணத்தை இழக்காத மூதாதை. கூமுட்டை ஒன்றிரண்டு இருக்கலாம், எல்லாமே ஆகாது.

இன்னொன்றும் அவருக்குப் பிடிக்கும். பெரும்பாலான பறவைகளில் ஆண்தான் பிறந்த இடத்துக்குத் திரும்பி வரும். வாத்துகளில் தலைகீழ். பெண்தான் பிறந்து வளர்ந்த பகுதிக்கு வரும். குளிர்காலத்தில், எங்கோ தெற்கே, ஜோடி சேர்ந்த ஆண் அதன் பின்னாலேயே பறந்து வருவான். முழுக்க முழுக்க வீட்டோடு மாப்பிள்ளை. உங்கள் வாத்து அநேகமாக அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பொரிந்ததாக இருக்கும். அந்த வீட்டுக்கு நீங்கள் வருவதற்கு முன்பே அதற்கு அது தாய்வீடு.

மகளின் கேள்விக்கும் பதில் இதிலேயே வருகிறது. அப்பா ஓடிப்போய்விட்டான். மென்று முழுங்காமல் சொல்லிவிடுங்கள். பெண் அடைக்கு உட்கார்ந்ததும் அவன் வேலை முடிந்தது. மற்ற ஆண்களோடு ஏதாவது நீர்நிலையில் கூடிவிடுவான். கோடையில் சிறகெல்லாம் உதிர்ந்து, சில வாரங்கள் பறக்கவே முடியாமல், பெண் வாத்தைப் போலவே பழுப்பாக ஒதுங்கிக் கிடப்பான். அந்தப் பச்சைத் தலையும் போய்விடும். இதில் பெண்ணுக்கு லாபம் இல்லாமல் இல்லை. அத்தனை பளபளப்பான ஒருவன் வாசலில் நின்றால் கூடு இங்கே இருக்கிறது என்று பலகை மாட்டியதுபோல.

சரி, கூட்டை நகர்த்தும் யோசனை. அமெரிக்காவில் அது குற்றம். அமெரிக்காவும் கனடாவுக்காக பிரிட்டனும் 1916இல் ஒரு ஒப்பந்தம் போட்டன. அதை நிறைவேற்ற 1918இல் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் வந்தது. ஒப்பந்தத்துக்கு இரண்டு வருஷம் முன்புதான், 1914இல், ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களில் கடைசி ஒன்று சின்சினாட்டி விலங்குக் காட்சி சாலைக் கூண்டில் செத்துப்போயிருந்தது. சந்தைக்காகவும் தொப்பிச் சிறகுக்காகவும் சுட்டுத் தள்ளிய காலம் அது. இன்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு தூக்கினாலும் கூட்டாட்சி அனுமதி இல்லாமல் அந்த முட்டைகளைத் தொடக்கூடாது. சட்டம் கிடக்கட்டும். நகர்த்தினால் தாய் பின்னாலேயே வரும் என்று யார் சொன்னது? அதற்குத் தெரிந்தது அந்தப் புதர், அந்தப் படி, அந்த மூலை. முட்டைகளை வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தால், அநேகமாக அது பழைய மூலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

தினமும் இரண்டு முறை காணாமல் போவது மேய்ச்சலுக்கு. நெஞ்சிலிருந்து தானே பிடுங்கிய தூவியை முட்டைமேல் போர்த்திவிட்டுத்தான் போயிருக்கும். ஜன்னல் வழியாகப் பாருங்கள், பக்கத்தில் போகாதீர்கள். பையனிடம் எண்ணிக்கை முடிந்தது என்று சொல்லிவிடுங்கள். நாம் எங்கே குனிந்து பார்க்கிறோம் என்பதை மரத்தில் இருக்கிற காகம் பார்த்துக்கொண்டிருக்கும். புல் வெட்ட வருகிறவர்களிடம் அந்த மூலையை விட்டுவிடச் சொல்லுங்கள். செடிகளுக்கடியில் மரச் சீவல் (மல்ச்) பரப்புகிற மாதம் அது, அதையும் தள்ளிப்போடுங்கள்.

இப்போது சோற்றுக் கிண்ணம். நீங்கள் கேட்ட ஒற்றை வரிக் கதையும் அதுதான்.

2009 வசந்தம். எங்கள் வீட்டு ஜூனிப்பர் புதருக்கடியில் வந்து உட்கார்ந்தது. முதல் மூன்று நாள் நான் ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏதோ எங்கள் குடும்பத்தின் நல்ல குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்ததுபோல. பெயர்கூட வைத்தோம். (பெயர் வைப்பதில் நாங்கள் மட்டும் இல்லை. 2005இல் வாஷிங்டனில் நிதித்துறைக் கட்டட வாசலிலேயே ஒரு மல்லார்ட் கூடு கட்டியது. ஜனாதிபதியைக் காக்கிற சீக்ரெட் சர்வீஸ்காரர்கள் இரும்புத் தடுப்பு போட்டுக் காவல் இருந்தார்கள். அரசாங்கக் கடன் பத்திரத்தின் பெயரையும், ஆங்கிலத்தில் பில் எனப்படும் அலகையும் சேர்த்து அதற்கு டி-பில் என்று பெயர் விழுந்தது. குஞ்சு பொரித்ததும் ராக் க்ரீக்கில் கொண்டுபோய் விட்டார்கள்.) எங்களுக்குத் தடுப்பு போட ஆள் இல்லை, ஆகவே நான் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சோறும் ஊறவைத்த ரொட்டியும் போட்டு, கூட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்தேன். அது சாப்பிட்டதா என்று நான் பார்க்கவில்லை. காலையில் கிண்ணம் காலியாக இருந்தது, சந்தோஷமாக மறுபடி நிரப்பினேன்.

காலி செய்தது ரக்கூன், ராத்திரியில் தீனி தேடி அலைகிற அமெரிக்க விலங்கு. நான்காம் நாள் ராத்திரி அதற்குச் சோறு போதவில்லை. காலையில் புல்தரை முழுக்கத் தூவி பறந்துகொண்டிருந்தது. நடைபாதையில் முட்டை ஓடுகள். கிண்ணத்தைச் சுற்றி, குழந்தைக் கை வைத்ததுபோலச் சேற்றுத் தடங்கள். தாய் தப்பித்துவிட்டது என்று நினைக்கிறேன், இறகோ ரத்தமோ இல்லை. கூடு இப்படி அழிந்தால் மல்லார்ட் வேறு இடத்தில் மறுபடியும் முட்டையிடும் என்று பிறகு படித்தேன். என் மனைவி அந்தக் கிண்ணத்தை அதற்குப் பிறகு அடுக்களையில் சேர்க்கவில்லை. ஒற்றை வரியோடு நான் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

அதனால் மாமியார் எவ்வளவு சொன்னாலும் சோறு வேண்டாம். தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம், ஏறி வெளியே வர முடியாமல் குஞ்சுகள் அதிலேயே தவிக்கும். அடை காக்கிற வாத்து குறைவாகத்தான் சாப்பிடும், அதற்கு வேண்டியது அதற்குத் தெரியும். அது உங்கள் வாசலுக்கு வந்ததற்கே காரணம், மனித நடமாட்டம் இருந்தால் நரி கொஞ்சம் யோசிக்கும் என்பதாக இருக்கலாம். நாம் இருந்தால் போதும். விருந்து உபசாரம் ஆரம்பித்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

பொரிக்கிற நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். முதல் முட்டைக்கும் ஒன்பதாவதற்கும் எட்டு நாள் இடைவெளி. ஆனால் கடைசி முட்டை வந்த பிறகுதான் தாய் முழுநேரமாக உட்காரும், ஆகவே எல்லாம் ஒரே நாளிலிருந்து சூடு பிடித்து வளரும். அங்கிருந்து சுமார் 28 நாள். உங்கள் கணக்குப்படி மே 18, ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். பொரிப்பதற்கு முந்தைய நாளிலிருந்தே குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து கீச்சிடும். தாய் தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். வட கரோலினாவில் கில்பர்ட் காட்லீப் என்ற உளவியலாளர் இதை வருஷக்கணக்காக ஆராய்ந்தார். முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சின் குரலை ஒடுக்கி, மற்றவற்றின் சத்தமும் கேட்காமல் வைத்துப் பார்த்தார். அப்படிப் பொரிந்தவை தாய் வாத்தின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் பிரித்தறியத் தடுமாறின. தன் குரலையும் கூடப்பிறந்தவற்றின் குரலையும் ஓட்டுக்குள்ளேயே கேட்டிருந்தால்தான் அம்மா யாரென்று சரியாகப் புரிகிறது.

ஆஸ்திரியாவின் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ், 1973இல் நோபல் பரிசு பெற்றவர், தன் பின்னால் வரிசையாக நடந்த வாத்துக்குஞ்சுகளால் புகழ்பெற்றார் என்று பலர் சொல்வார்கள். அவை பெரும்பாலும் சாம்பல் தாராக்கள், அதாவது வாத்தைவிடப் பெரிய கூஸ் பறவைகள். அந்தக் குஞ்சுகள் கண்ணில் முதலில் பட்டவர் பின்னால் போய்விடும். மல்லார்ட் குஞ்சு அப்படி ஏமாறாது, அதற்குக் குரல் வேண்டும். ஆகவே அவர் குந்தியபடி, விடாமல் வாத்துபோலக் கத்திக்கொண்டே புல்வெளியில் தவழ்ந்தார். புல் உயரமாக இருந்ததால் வேலிக்கு அப்பால் நின்றவர்கள் கண்ணுக்குக் குஞ்சுகள் தெரியவில்லை. தாடிக்காரர் ஒருவர் குவாக் குவாக் என்று சுற்றிச் சுற்றித் தவழ்வது மட்டும்தான் தெரிந்தது. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சாப்பாட்டு நேரத்துக்கு நல்ல கதை.

பொரித்து ஒரு நாளுக்குள் தாய் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நடக்கத் தொடங்கும். அரை மைல் அவற்றுக்குப் புதிதில்லை. பயப்பட வேண்டியது இரண்டுக்கு. ஒன்று அந்த நாலு வழிச் சாலை. அன்று நீங்கள் வீட்டில் இருந்தால் தூரமாகப் பின்னால் நடங்கள், விரட்டாதீர்கள். விரட்டினால் தாய் பறந்துவிடும், குஞ்சுகள் சிதறும். இன்னொன்று சாலையோர மழைநீர் வடிகாலின் கம்பி மூடி. தாய் அதன்மேல் நடந்து போய்விடும், பின்னால் வருகிறவை ஒவ்வொன்றாக இடுக்கில் விழும். விழுந்துவிட்டால் காட்டுயிர் மீட்பாளர் யாரையாவது கூப்பிடுங்கள். அந்தப் பகுதியில் உரிமம் வைத்திருப்பவரின் எண்ணை இப்போதே தேடி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். ஒன்பதில் எத்தனை பறக்கும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பறக்க ஐம்பது, அறுபது நாள் ஆகும். பாதிக்கு மேல் அதற்குள் போய்விடும், அதுவும் முதல் இரண்டு வாரத்தில். ஆமை, மீன், கொக்கு, எல்லாவற்றுக்கும் பசி. பையன் எண்ணுகிறவன் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

2010இல் மறுபடியும் ஒரு வாத்து வந்தது. பழையதுதானா என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை, எதிர்வீட்டுக்குப் போனது. அங்கே போலந்துக்காரப் பாட்டி ஒருவர் தனியாக இருந்தார். அவர் பெயரும் வைக்கவில்லை, கிண்ணமும் வைக்கவில்லை. யாரும் அந்தப் பக்கம் போகாமல் நடைபாதையின் குறுக்கே ஒரு பழைய நாற்காலியைப் போட்டார். ஒரு நாள் பார்த்தால் தன் வாசல் மிதியடியைக் கொண்டுபோய்த் தெருவோரச் சாக்கடை மூடிமேல் விரித்திருக்கிறார். கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மனைவி ஆபீசுக்கு போன் செய்தாள். பத்துக் குஞ்சுகளாம். வரிசையாக மிதியடிமேல் ஏறி இறங்கி, தெருவைக் கடந்து, குடியிருப்புக் குளத்தைப் பார்த்துப் போயினவாம். பாட்டி வீட்டுச் செருப்போடு இருபது அடி பின்னால் நடந்தாராம். நான் சாயங்காலம் வந்துதான் பார்த்தேன். கையளவு பள்ளம், நிறையத் தூவி, பொரிக்காத ஒரு முட்டை. தொடவில்லை. மிதியடி அப்படியே வடிகால் மேல் கிடந்தது. மழை வரும்போல இருந்ததால் எடுத்து உதறி அவர் வாசலில் போட்டேன்.