லீஸ் முடிகிறது, அப்பாவின் கார் இனி யாருடையது?

லண்டன் ஹரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "அப்பாவுக்கு 63 வயது. பக்கவாதம் வந்தபின், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் பிப் (PIP) கொடுப்பனவை வைத்து, அதற்குப் பதிலாகக் கார் தரும் மோட்டபிலிட்டி திட்டத்தில் கார் எடுத்தோம். இடது கால் அக்செலரேட்டரும் பூட்டியிருக்கிறது. எடுக்கும்போது 1,500 பவுண் கட்டினோம். மூன்று வருடமாக அவருடைய கொடுப்பனவும் காருக்கே போகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் லீஸ் முடிகிறது. கட்டின காசைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குக் காரைத் தருவார்களா? மச்சான் அந்தக் காரைத் தனக்குக் கேட்டு, இப்போதே 2,000 பவுண் முன்பணம் தர நிற்கிறார். அப்பாவுக்குப் புதுக் காரும் எடுத்து, பழையதையும் குடும்பத்தில் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் ரோட் டாக்ஸ் இலவசமா?"

முதலில் அந்த 2,000 பவுணை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் இன்றே திருப்பிக் கொடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணமே 'லீஸ்' என்ற சொல்தான். இலங்கையில் லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்தவர் கடைசித் தவணையைக் கட்டி முடித்தால் வண்டி அவர் பெயருக்கு மாறும். அந்த நினைப்போடுதான் இங்கேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறோம். மோட்டபிலிட்டி ஒப்பந்தம் அப்படி அல்ல, அது சுத்தமான வாடகை. தவணை கட்டி வாங்கும் 'ஹயர் பர்ச்சேஸ்' ஒப்பந்தத்தில் இருப்பதுபோல, கடைசியில் வாங்கிக்கொள்ளும் உரிமை இதில் எழுதப்பட்டிருக்காது. மூன்று வருடமும் கார், திட்டத்தை நடத்தும் கம்பனியுடையது. அப்பா ஓட்டினார், அவ்வளவுதான்.

உயர் விகிதப் பிப் நடமாட்டக் கொடுப்பனவு 2025-26 இல் வாரத்துக்கு 77.05 பவுண். அதை முழுவதுமாகக் கொடுத்திருந்தால் மூன்று வருடத்தில் 11,000 பவுணைத் தாண்டியிருக்கும். அவ்வளவு காசும் எங்கே போனது என்று உங்களுக்கு வயிறு எரிவது புரிகிறது. காப்புறுதி, சர்வீஸ், டயர், வழியில் நின்றால் வந்து தூக்கும் சேவை, இவற்றோடு மூன்று வருடத்தில் காரின் மதிப்பு இறங்கிய கணக்கு, எல்லாம் அதற்குள் அடக்கம். ஆரம்பத்தில் கட்டிய 1,500 பவுணும் வைப்புப் பணம் அல்ல. அந்த மாடலின் வாடகை கொடுப்பனவுக்குள் அடங்காததால் முன்கூட்டியே கட்டிய மேலதிக வாடகை அது. விற்பனை விலையில் அதைக் கழிக்க மாட்டார்கள். சண்டை பிடிக்கவும் சட்டத்தில் இடமில்லை.

ஆனாலும் காரை வாங்கலாம். லீஸ் முடிய முன்னரே கம்பனியின் வாடிக்கையாளர் சேவையோடு கதைத்து விலை கேளுங்கள். இரண்டு மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே கேட்பது நல்லது. அவர்கள் சொல்வது பாவித்த காருக்குரிய விலையாகத்தான் இருக்கும், சலுகை விலையை எதிர்பார்க்காதீர்கள். "அப்பா மாற்றுத்திறனாளி, 20 வீத வாட் (பெறுமதி சேர் வரி) கழித்துத் தாருங்கள்" என்று சிலர் கேட்கிறார்கள். 1994 ஆம் ஆண்டு வாட் சட்டப்படி, இப்படி மாற்றுத்திறனாளிக்கு வாடகைக்கு விட்ட கார் லீஸ் முடிந்து முதல்முறை விற்கப்படும்போது வாட் பூச்சியம்தான். விலையில் இல்லாத வாட்டை எங்கே கழிப்பது? அதே மாடல், அதே வருடம், அதே மைல் ஓடிய கார்கள் வெளியே என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தக் கார் எங்கே இடிபட்டது, எந்தக் கதவு ஒழுங்காகச் சாத்தாது என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வெளியில் வாங்கும் காரில் அந்த வசதி கிடைக்காது.

இனி மச்சானின் முன்பணம். இன்றைய திகதியில் அப்பாவிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. ஹயர் பர்ச்சேஸில் இருக்கும் காரை விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கிய தனிநபருக்கு 1964 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. வெறும் வாடகைக் காருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மச்சானுக்கோ விஷயமும் தெரியும். லீஸ் முடிய முன் கார் கைமாறினால் கம்பனி அதைத் திரும்ப எடுக்கலாம், ஒப்பந்தத்தையும் முறிக்கலாம். விற்றது வேண்டுமென்றே என்று பட்டால் மோசடி வழக்கு வரைக்கும் போகும். லாக் புக்கில் (காரின் பதிவு ஆவணத்தில்) அப்பாவின் பெயர் இருக்கிறதே என்பார்கள். அது உரிமைச் சான்று அல்ல என்று லாக் புக்கிலேயே அச்சடித்திருக்கிறது. மச்சான் காரை விரும்பினால், அவருடைய பெயருக்கே நேரடியாக விற்பார்களா என்று கம்பனியிடம் கேளுங்கள். காசு அவருடைய கணக்கிலிருந்து நேரே கம்பனிக்குப் போகட்டும், விற்பனைப் பற்றுச்சீட்டும் அவர் பெயரில் வரட்டும்.

ரோட் டாக்ஸ் விலக்கு ஒருவருக்கு ஒரு வாகனத்துக்குத்தான். அப்பா புதுக் கார் எடுத்தால் விலக்கு அந்தக் காரோடு போய்விடும். பழைய காருக்கு வாங்கியவர் வரி கட்ட வேண்டும், 2025-26 இல் வழமையான கட்டணம் வருடத்துக்கு 195 பவுண். புதிதாக இருந்தபோது பட்டியல் விலை 40,000 பவுணுக்கு மேலிருந்த கார் என்றால் இன்னும் கூடும். அப்பா புதுக் கார் எடுக்காமல் பழையதையே வாங்கினால், பிப் உயர் விகிதம் இருக்கும்வரை விலக்குக் கிடைக்கும். ஆனால் அது தானாகத் தொடராது. லாக் புக், எம்ஓடி (கார் ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்தப் பரிசோதனை) சான்றிதழ், பிப் தகுதிக் கடிதம் ஆகியவற்றோடு தபாலகத்துக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். கார் அப்பாவின் தேவைக்கு மட்டுமே ஓட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மகன் அதில் தினமும் வேலைக்குப் போனால் அது மீறல். எம்ஓடி என்றதும் ஞாபகம் வருகிறது: கார் முதன்முதலில் பதிவாகி மூன்று வருடம் ஆகும் நாளும் லீஸ் முடியும் நாளும் அநேகமாக ஒட்டியே வரும். முதல் எம்ஓடிக்கு முன்கூட்டியே நாள் எடுத்து வையுங்கள்.

நான் கண்டதில் அதிகம் பேர் சறுக்குவது காப்புறுதியில்தான். லீஸ் முடியும் நாளோடு திட்டத்தின் காப்புறுதியும் முடிகிறது. கார் வீட்டு வாசலில் அதே இடத்தில் நிற்பதால் எதுவும் மாறவில்லை என்ற எண்ணம் வந்துவிடும். என்னிடம் வந்த ஒருவர், காரை வாங்கிய மறுநாள் காலை பிள்ளையைப் பாடசாலையில் விட்டுத் திரும்பும்போது பொலிஸிடம் மாட்டினார். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 300 பவுண் தண்டம், லைசன்ஸில் 6 புள்ளி. காரையும் பறிமுதல் செய்யலாம். அவருடையதைக் கொண்டே போய்விட்டார்கள். காசு கட்டும் நாளிலிருந்தே சொந்தக் காப்புறுதி ஓட வேண்டும். மூன்று வருடம் விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டியதற்குக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள். எல்லா நிறுவனமும் அதை ஒரே மாதிரி மதிப்பதில்லை என்பதால் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

பழுது வந்தால்? கம்பனி ஒரு வியாபாரி என்பதால் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பாவித்த காருக்கும் பொருந்தும். பெரிய குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் முன்பே உங்களுக்குக் காட்டிய குறையையும், பார்த்தபோதே கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையையும் பிறகு சொல்ல முடியாது. மூன்று வருடம் ஓட்டியவர் "கியர் இறுகுவது தெரியாது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தெரிந்த குறை இருந்தால் வாங்க முன்னரே திட்டத்தின் கீழ் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு உங்களிடம் இருப்பது இந்த இரண்டு மாதம்தான்.

அப்பா யூனிவேர்சல் கிரெடிட்டும் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவி) வாங்குகிறார் என்றால், காருக்காக நீங்கள் கொடுக்கும் காசை அவருடைய கணக்கில் போட்டு வைக்காதீர்கள். சேமிப்பு 6,000 பவுணைத் தாண்டினால் கொடுப்பனவு குறையும், 16,000 ஐத் தாண்டினால் நிற்கும். சொந்தப் பாவனைக்கான கார் சேமிப்புக் கணக்கில் வராது. பிப் கொடுப்பனவுக்குச் சேமிப்பு ஒரு பொருட்டே அல்ல.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அப்பா புதுக் காரை லீஸில் எடுக்கட்டும், பழையதை மச்சான் நேரே வாங்கட்டும். 63 வயதில் டயர், சர்வீஸ், காப்புறுதி என்று அவர் அலைய வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும் இந்தக் கணக்கை மாற்றும். பிப் மறுமதிப்பீடு நெருங்கி, உயர் விகிதம் போய்விடும் பயம் இருந்தால், லீஸ் கார் அதோடு போகும். வாங்கிய கார் போகாது, ரோட் டாக்ஸ் மட்டும் கட்ட வேண்டி வரும். அப்பாவின் பிப் கடிதத்தில் எந்தத் திகதிவரை என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அந்த இடது கால் அக்செலரேட்டரை மச்சான் காரை எடுக்க முன் பூட்டியவர்களைக் கொண்டே கழற்றுங்கள், பழக்கமில்லாத காலுக்கு அது ஆபத்து. கார் அப்பாவிடமே இருப்பதானால், புதிய காப்புறுதிக் கம்பனியிடம் அது பூட்டியிருப்பதை முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.