‘தன்னைத்தான் வெறுத்து’ என்றால் என்னை நானே வெறுக்க வேண்டுமா? லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) எவ்வளவு போராடியும் தோற்றுப்போகிறேனே?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலில் அந்த வார்த்தை.

என் பின்னே வர விரும்புகிறவன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு வரட்டும் என்று இயேசு அழைக்கும் இடம் லூக்கா 9:23. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் அங்கே ‘தன்னைத்தான் வெறுத்து’ என்று வருகிறது. கத்தோலிக்க நண்பரின் திருவிவிலியத்தில் அதே இடம் ‘தன்னலம் துறந்து’. கிரேக்கத்தில் அங்கே இருப்பது மறுதலிப்பது என்ற பொருள் உள்ள சொல். சேவல் கூவுமுன் பேதுரு இயேசுவை மறுதலித்தாரே, அங்கேயும் அதே வேர்ச்சொல்தான். (லூக்கா 14:26-ல் வருகிற ‘வெறுப்பது’ வேறு சொல், அதை இதோடு குழப்ப வேண்டாம்.) பேதுரு இயேசுவை வெறுக்கவில்லை, ‘அவனை அறியேன்’ என்றார். அப்படி எனக்குள் அதிகாரம் பண்ணுகிற ‘நான்’ என்பவனைப் பார்த்து ‘உன்னைத் தெரியாது, போ’ என்று சொல்வதுதான் கேட்கப்படுகிறது. கண்ணாடி முன் நின்று நம்மையே திட்டிக்கொள்வது அல்ல. அப்படித் திட்டும்போதும் நாள் முழுக்க நம் நினைப்பு நம்மைப் பற்றித்தானே?

எனக்கு இது புரிந்தது கோத்தகிரியில், ஒரு டம்ளர் டீயால். சில வருஷம் முன்பு லெந்தில் டீயை விட்டேன். ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். நான் அவற்றையும் சேர்த்து 46 நாளும் குடிப்பதில்லை என்று வைராக்கியம். பிப்ரவரிக் குளிரில், சுற்றிலும் தேயிலைத் தோட்டம் உள்ள ஊரில், அது லேசான காரியம் இல்லை. தினமும் காலண்டரில் கோடு போடுவேன்.

இருபத்து மூன்றாம் நாள் வீட்டு ஜெபத்துக்காக ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வீட்டில் பால் இல்லை. எங்களுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டில் வாங்கி வந்து டீ போட்டிருக்கிறார். டம்ளரை நீட்டினார். “நான் லெந்து எடுத்திருக்கேன் பாட்டி” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. அவர் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

உபவாசம் இருக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்று மத்தேயு 6-ல் இருப்பதைச் சிறுவயதிலேயே மனப்பாடம் பண்ணியவன் நான். வீட்டுக்கு வந்து இருபத்து மூன்றாம் கோட்டைப் போடக் கை வரவில்லை. அன்று குடித்திருந்தால் கணக்கு உடைந்திருக்கும். உடைந்திருக்க வேண்டியதே அந்தக் கணக்குதான்.

அப்புறம், தோற்பது பற்றி. ‘விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன்’ என்ற புலம்பல் ரோமர் 7-ல் இருக்கிறது. பவுல் அதை நிகழ்காலத்தில்தான் எழுதுகிறார். மாம்சமும் ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று கலாத்தியர் 5-ல் எழுதியதும் விசுவாசிகளுக்கே. அதனால் போராட்டம் இருப்பதை வைத்து உங்கள் விசுவாசத்தைச் சந்தேகப்பட வேண்டாம் என்பேன். சிலுவையை எடுக்கும் இந்த அழைப்பில் ‘அனுதினமும்’ என்ற சொல்லைச் சேர்ப்பது லூக்கா மட்டும்தான். நேற்று தோற்றவனுக்கும் இன்றைக்கு ஒரு முறை இருக்கிறது என்று நான் அதைப் படிக்கிறேன். உங்கள் சபைப் போதகர் வேறு மாதிரி சொல்லலாம்.

ஈஸ்டர் முடிந்து அந்தப் பாட்டி வீட்டுக்குத் தனியாகப் போனேன். “இப்போ குடிப்பியா தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தார்.