ஹெம்ப் பூ வாங்கிச் சூடாக்கலாமா?

கேள்வி: என் அம்மா சின்ன வயதிலிருந்தே தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவர். இப்போது இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இதயக் கோளாறுக்காக, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகன், "ஹெம்ப் பூ வேற, கஞ்சா வேற. ஹெம்ப்ல போதை 0.3 சதவீதம்கூட இருக்காது. ஓவன்ல சூடாக்கி, தேங்காய் எண்ணெயில ஊறவச்சுக் குடுங்க" என்கிறான். ஒரு இணையதளத்தில் ஆய்வகச் சான்றிதழோடு விற்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் இன்றே ரத்து செய்துவிடுங்கள்.

உங்கள் தம்பி சொல்வது அவர் இருக்கும் நாட்டுக் கணக்கு. அமெரிக்காவில் 2018-இல் வந்த விவசாயச் சட்டம், போதை தரும் டெல்டா-9 டிஎச்சி என்ற பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடியை ஹெம்ப் என்று பிரித்து வைத்தது. நம் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் அந்தச் சதவீதக் கணக்கே கிடையாது. செடியின் எந்தப் பாகம் என்றுதான் அது பார்க்கிறது. பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதி என்றால் அது கஞ்சா. பூ ஒட்டாத விதையும் இலையும் அந்த விளக்கத்துக்கு வெளியே. உத்தராகண்டில் ஹெம்ப் பயிரிட உரிமம் தருகிறார்களே என்று விற்பவர்கள் காட்டுவார்கள். அது நாருக்கும் விதைக்கும் அரசு தரும் அனுமதி. பூவைப் பொட்டலம் கட்டி உங்கள் வீட்டுக்கு அனுப்ப அதில் இடமில்லை.

ஒரு கிலோவுக்குள் வைத்திருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்தாலும் இதே அளவுகோல்தான். இலங்கைக்குப் போகும் கஞ்சாவைப் பிடிக்க நம் கரையில் ராத்திரி பகலாகச் சோதனை நடப்பது உங்களுக்கே தெரியும். அங்கே நிற்கும் போலீஸ்காரரிடம் சான்றிதழை நீட்டி வேதியியல் பேச முடியாது. பார்சலில் இருக்கும் பெயரும் முகவரியும் உங்களுடையது. முதலில் சிக்குவது நீங்கள்தான், விற்றவன் இல்லை.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தச் சான்றிதழை மட்டும் பார்ப்போம். பச்சைப் பூவில் டிஎச்சி என்ற போதைப் பொருள் அதே வடிவில் அதிகம் இருப்பதில்லை. பெரும்பகுதி டிஎச்சிஏ என்ற அமில வடிவில் இருக்கும். அதேபோல, இந்தச் செடியில் உள்ள போதை தராத இன்னொரு பொருளான சிபிடியும் சிபிடிஏ வடிவில் இருக்கும். சூடு பட்டால் அந்த அமிலத்திலிருந்து கரியமில வாயு பிரிந்து போகும், மிச்சம் இருப்பது டிஎச்சி, சிபிடி. சுமார் 110 முதல் 120 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இந்த மாற்றம் முடிந்துவிடும். உங்கள் தம்பி சொல்லும் ஓவன் வேலை இதுதான். அதாவது சான்றிதழில் 'டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள்' என்று போட்டிருப்பது சூடாக்குவதற்கு முந்தைய கணக்கு. அதற்குக் கீழே டிஎச்சிஏ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். டிஎச்சிஏ அளவை 0.877-ஆல் பெருக்கி, டிஎச்சியோடு கூட்டினால்தான் உண்மையான மொத்தம் தெரியும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 10 கிராம் பூ. மொத்தமே 0.3 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் 30 மில்லிகிராம் டிஎச்சி. கனடாவில் சட்டப்படி விற்கும் தின்பண்டத்தில் ஒரு பாக்கெட்டுக்கே 10 மில்லிகிராம்தான் உச்சம். அதே 10 கிராமில் டிஎச்சிஏ 20 சதவீதம் இருந்தால், சூடாக்கிய பிறகு சுமார் 1,750 மில்லிகிராம்! இரண்டு பொட்டலத்தின் மேலும் 'ஹெம்ப்' என்றே எழுதியிருக்கும். வீட்டு ஓவன் காட்டும் சூடு ஒன்று, உள்ளே இருக்கும் சூடு ஒன்று. ஒரு ஸ்பூன் எண்ணெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வீட்டில் யாராலும் அளந்து சொல்ல முடியாது. அதுவும் வாய்வழியாகச் சாப்பிட்டால் வேலை காட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் கொடுப்போம். அப்புறம் படபடப்பு, தலைசுற்றல், பாத்ரூம் போகும்போது விழுவது. முட்டி தேய்ந்த வயதானவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். சிபிடி, வார்ஃபரின் உடலை விட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். இரத்தம் உறைவது அளவுக்கு மீறிக் குறைந்து, உள்ளே கசிவு ஏற்படலாம். விஜயா (கஞ்சாச் செடிக்கு ஆயுர்வேதத்தில் உள்ள பெயர்) சேர்த்த ஆயுர்வேதத் தயாரிப்புகள் சட்டப்படி இருப்பது உண்மைதான். அவையும் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டிய பட்டியலில் உள்ளவை. வார்ஃபரின் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் அதையும் தொடாதீர்கள்.

அம்மாவின் வலிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். உப்புத் தண்ணீரிலும் பாறையிலும் உழைத்துத் தேய்ந்த முட்டி அது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. வீட்டுக்கு வர முடியுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி முட்டித் தேய்மானத்துக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. மெதுவாகத்தான் பலன் தெரியும், ஆனால் தெரியும்.

இன்னொன்று. பணம் கட்டிவிட்டு பூ வரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தை நம்பிப் போக முடியாது. சட்டம் தடுத்த பொருளுக்கான ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி செல்லாது. இந்த விற்பனையாளர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

கேள்வி: ஹெம்ப் விதை எண்ணெய் ஆன்லைனில் வாங்கினேன். 'மூட்டு வலியைக் குணமாக்கும்' என்று விளம்பரம். மீன் பொரித்தால் சட்டி முழுக்கப் புகை, பெயின்ட் மாதிரி வாடை. திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
- வாசகர், தொண்டி

பதில்: இது வேறு சரக்கு. விதையில் போதையும் இல்லை, சொல்லிக்கொள்ளும் அளவு சிபிடியும் இல்லை. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2021-இல் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக அனுமதித்தது. எண்ணெயில் டிஎச்சி கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இதைச் சூடாக்கினால் புதிதாக எந்தச் சக்தியும் வராது, கெட்டுத்தான் போகும். புகையும் அளவு சுமார் 165 டிகிரி, மீன் பொரிக்க அதைவிடக் கூடுதலான சூடு வேண்டும். பொரிக்க நம் கடலை எண்ணெயே போதும். இதைச் சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் பச்சையாக, சாலட்டில் ஊற்றி.

பெயின்ட் வாடை பொரிக்கும் முன்பே பாட்டிலில் இருந்ததா? இருந்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கடலோர வெக்கையில் சீக்கிரமே அப்படி ஆகும். கறுப்புக் கண்ணாடி பாட்டில், சமீபத்திய தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் பார்த்து வாங்கி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பழுதான சரக்கைத் திருப்பி எடுக்க மறுக்க 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இடமில்லை. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்ற விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: துபாய் போகிறேன். நண்பன் கொடுத்த சிபிடி எண்ணெய் சின்ன பாட்டில்தான், பையில் வைக்கலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: கூடவே கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் சிபிடி எண்ணெய்க்கும் தடை. சிங்கப்பூர் போகும் உறவினர்களிடமும் சொல்லுங்கள். அங்கே குடியுரிமை அல்லது நிரந்தரவாசம் உள்ளவர்கள் வெளிநாட்டில் கஞ்சா உட்கொண்டிருந்தால்கூடக் குற்றம்தான். ஊரில் யாராவது "இதை அங்கே குடுத்துருங்க" என்று எண்ணெய் பாட்டிலை நீட்டினால், சொந்தக்காரராக இருந்தாலும் லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். லேபிளே இல்லாத பாட்டில் என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.