அப்புச்சி பதில்கள்

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். 'கண்டுபிடிப்புகள்' என்று பள்ளியில் கண்காட்சி. எடிசன், கிரகாம் பெல் எல்லாம் ஒப்பிப்பாள். ஆனால் சொந்தமாக ஏதாவது செய்துகொண்டு வரச் சொல்கிறார்கள். கடையில் ரெடிமேட் மாடல் கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம் அம்மிணி. அந்த மாடலைச் செய்து பழகியவர் கடைக்காரர், உங்கள் பாப்பா இல்லை.

கோவை கணபதியில் முப்பத்தைந்து வருடம் பேட்டர்ன் பட்டறை வைத்திருந்தவன் நான். பம்புசெட் வார்ப்பதற்கு மணலில் அச்சுப் பதிப்பார்களே, அதற்கான மர உருவம்தான் பேட்டர்ன். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் அடிக்கு அரைக்கால் அங்குலம் கூட்டித்தான் கட்டையை இழைக்க வேண்டும். இதை என் மேஸ்திரி முதலில் சொல்லவே இல்லை. டிராயிங்கில் இருந்த அளவு இம்மி பிசகாமல் நான் இழைத்த கட்டையை அப்படியே வார்க்க அனுப்பினார். வந்த சாமானில் போல்ட் எதுவும் சேரவில்லை. அப்புறம்தான் சுருக்கக் கணக்குள்ள அளவுகோலைக் கையில் கொடுத்தார்.

என் பேத்திக்கும் அதையே செய்து பார்த்தேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. லீவுக்கு வந்தவள், கோழிக்குஞ்சுகள் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்ப்பதைப் பார்த்து, "அப்புச்சி, இதுக்கு ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள். "நீயே படம் போடு கண்ணு" என்று தாளும் பென்சிலும் கொடுத்தேன். முதலில் கிண்ணத்தின் நடுவே கல் வைத்தாள். குஞ்சு கல்லில் ஏறி நின்று தண்ணீரிலேயே எச்சம் போட்டது. அடுத்து, கோழிப்பண்ணையில் பார்த்த ஞாபகத்தில், பாட்டிலின் அடிப்பக்கம் ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, தட்டில் நிறுத்தினாள். (சூடான ஆணியால் ஓட்டை போட்டது நான். அது குழந்தை வேலை இல்லை.) பாட்டில் முழுக்க வழிந்து திண்ணை நனைந்தது.

காரணம் எனக்குத் தெரியும், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெரியவர்களுக்கு இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். மறுநாள் அவளே குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு, ஓட்டை தட்டின் விளிம்பைவிட மேலே இருக்கிறது என்றாள். சமையலறைக்கு ஓடி, விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றைத் தூக்கிவந்தாள். தண்ணீர் ஏறி ஓட்டையை மூடியதும் நின்றுவிட்டது. உள்ளே காற்றுப் போக வழியில்லையே! குஞ்சுகள் குடித்து மட்டம் இறங்கினால் காற்றுப் போகும், தண்ணீர் வரும். உலகத்தில் ஏற்கெனவே உள்ள சாமான்தான், இருக்கட்டுமே.

உங்கள் பாப்பாவும் ஒரு வாரம் வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும். பையில் ரசம் கொட்டுகிற டிபன் பாக்ஸ், மழையில் சேறு வாரி அடிக்கிற செருப்பு, எது அவளுக்குத் தொல்லையோ அதை எடுக்கட்டும். படம் போட்டு, அட்டையில் செய்து, கெட்டுப்போனால் மறுபடி செய்யட்டும். கெட்டுப்போனதையும் கண்காட்சி மேசையில் வையுங்கள், டீச்சர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பெயரும் வருடமும் சொல்லத்தான் வேண்டுமென்றால் ஊர்க்கதையே இருக்கிறது. ஆட்டாங்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்று பாப்பாவைக் கேளுங்கள். கண்டுபிடித்த பிறகு, 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் அதைச் செய்த கதையைச் சொல்லுங்கள். கோவை வந்தால் அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போங்கள்.

கேள்வி: என் பையனுக்கு எட்டு வயது. எந்தப் பொம்மை வாங்கினாலும் அன்றே பிரித்துப்போடுகிறான். கண்டிக்கலாமா?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: பொம்மைக்குப் பதிலாகப் பழுதான டார்ச்சும் பழைய அலாரம் கடிகாரமும் கொடுங்கள். பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். டி.வி., செல்போன் மட்டும் வேண்டாம்: ஒன்றில் கரண்ட் தேங்கி நிற்கும், இன்னொன்றின் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கழற்றுகிற வரிசைப்படி ஸ்க்ரூவைக் குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து ஆரம்பிக்கலாம். சட்டி பழசாக இருக்கட்டும், இல்லையென்றால் வீட்டில் உங்களுக்குத்தான் திட்டு விழும்.