டி.எஃப்.சி. பிராக்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஜெர்மன் சாம்பியன்களின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். 1903-ல் நடந்த முதல் இறுதிப்போட்டியில் லைப்சிக் அணியிடம் தோற்றது டி.எஃப்.சி. பிராக் என்று போட்டிருக்கிறது. பிராக் செக் நாட்டுத் தலைநகரம்தானே, அந்த ஊர் அணி ஜெர்மன் சாம்பியன்ஷிப்பில் என்ன செய்தது? பட்டியலே தப்போ என்று நினைத்தேன். நண்பர் ஒருவர், அது யூதர்களின் கிளப், அதனால்தான் பிற்பாடு நாஜிகள் மூடிவிட்டார்கள் என்கிறார். இன்னொன்று, அந்தத் தொடரில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அவர்கள் இறுதிக்கு வந்ததாகத் தெரிகிறது. அது எப்படி முடியும்? நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

பட்டியல் சரிதான். 1903-ல் செக் நாடு என்று ஒன்று கிடையாது. பிராக் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்த பொஹீமியாவின் தலைநகரம், பேரரசர் உட்கார்ந்திருந்தது வியன்னாவில். ஊரில் பெரும்பாலோர் செக் பேசுகிறவர்கள், ஜெர்மன் பேசுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தேறமாட்டார்கள். ஆனால் அந்தக் கொஞ்சம் பேருக்குத் தனி தியேட்டர், தனிச் செய்தித்தாள், தனிப் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. பல்கலைக்கழகத்தையே 1882-ல் செக் பக்கம் ஒன்று, ஜெர்மன் பக்கம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தில்தான் 1901-ல் எழுத்தாளர் காஃப்கா போய்ச் சேர்ந்தார், நீங்கள் சொல்லும் இறுதிப்போட்டி நடந்தபோது அவர் அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கால்பந்தில் ஆர்வம் இருந்ததா என்று கேட்டுவிடாதீர்கள், அது வேறு கடிதம்.

எல்லாமே இரண்டாகப் பிரிந்து கிடந்த ஊரில் பந்து மட்டும் பொதுவாக இருக்குமா? செக்காரர்களுக்கு ஸ்பார்ட்டாவும் ஸ்லாவியாவும் இருந்தன, இன்றைக்கும் இருக்கின்றன. ஜெர்மன் பேசுகிறவர்கள், ஒரு படகு கிளப்பில் ஓரமாகப் பந்து உதைத்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து தனியாகக் கிளம்பி, 1896 மே மாதம் 25-ம் தேதி தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள். பெயர் வெறுமனே ஜெர்மன் கால்பந்து கிளப், பிராக். அதன் முதலெழுத்துகள்தான் டி.எஃப்.சி. ஆரம்பகால உறுப்பினர்களில் நிறையப் பேர் மாணவர்கள், ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்துப் பையன்கள் கணிசம். வில்தவா ஆற்றுக்கு மேலே உள்ள லெட்னா மேட்டில் மைதானம். செக் கிளப்புகள் ஆடியதும் அதே மேட்டில்தான். படிக்கும் இடம் வேறு, நாடகம் பார்க்கும் இடம் வேறு, உதைத்து விளையாட மட்டும் எல்லோரும் ஒரே மேட்டில் ஏறியிருக்கிறார்கள்!

கிளப்பின் தலைவர்தான் இந்தக் கதையின் சுவாரஸ்யமான ஆள். பெயர் ஃபெர்டினாண்ட் ஹுப்பே. பாக்டீரியா ஆராய்ச்சியாளர், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோஹிடம் வேலை கற்றவர், பால் எப்படிப் புளிக்கிறது என்பதை 1880-களிலேயே ஆராய்ந்தவர், 1889-லிருந்து பிராக் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் துறைப் பேராசிரியர். திறந்த வெளியில் ஓடியாடினால் உடம்புக்கு நல்லது என்பது அவருக்குத் தொழில்முறையான நம்பிக்கை. அந்தக் காலத்து ஜெர்மனியில் மதிப்பான உடற்பயிற்சி என்றால் ஜிம்னாஸ்டிக்ஸ்தான். கால்பந்தை இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த அநாகரிகமான உதை விளையாட்டு என்று வாத்தியார்கள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பேராசிரியர் ஒருவர் இந்தப் பக்கம் நின்றது சாதாரண விஷயமில்லை. ஆளைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், மனித இனத்தைப் பொறுக்கியெடுத்து மேம்படுத்தலாம் என்கிற, இனச் சுகாதாரம் என்ற விபரீதமான சிந்தனையிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. யூதப் பையன்கள் நிறைந்த கிளப்புக்கு அப்படி ஒரு தலைவர் என்பது இன்று நமக்கு உறுத்துகிறது, அன்றைக்கு அங்கே யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

1900 ஜனவரி 28-ல் லைப்சிக் நகரில் மாரியன்கார்ட்டன் என்ற உணவகத்தில் 86 கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தை உருவாக்கினார்கள். இன்றைக்கு நான்கு உலகக் கோப்பை வைத்திருக்கும் அதே சங்கம்தான். அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? நம்ம ஹுப்பேதான். ஜெர்மன் எல்லைக்கு வெளியே குடியிருந்த ஒருவரை ஏன் தலைவராக்கினார்கள்? பெர்லின்காரர்களுக்கும் தெற்கத்திக்காரர்களுக்கும் ஒத்துப்போகாது, இவரோ யார் பக்கமும் இல்லாத தூரத்து ஆள், கூடவே பேராசிரியர் என்ற கௌரவம் வேறு. என் கணிப்பு இதுதான். ஜெர்மன் பேசுகிறவர்களின் கிளப் எங்கிருந்தாலும் ஜெர்மன் கிளப்தான் என்று அன்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், ஆகவே பிராக் கிளப்பும் உள்ளே வந்தது. நாட்டுக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு எல்லை என்ற ஏற்பாடு அப்போது வரவில்லை.

சரி, ஆடாமல் எப்படி இறுதிக்கு வந்தார்கள் என்ற விஷயத்துக்கு வருவோம். 1903 தொடரில் கலந்துகொண்டவை ஆறே ஆறு அணிகள். முதல் சுற்றில் ஆல்ட்டோனா அணி மாக்டபுர்க் அணியை 8-1 என்று பிழிந்து எடுத்தது, லைப்சிக் அணி பெர்லின் பிரிட்டானியாவை 3-1 என்று வென்றது. மூன்றாவது ஜோடி பிராக்கும் தென்ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயும். இந்த ஆட்டத்தை எங்கே வைப்பது என்பதிலேயே சண்டை. முதலில் மியூனிக் என்றார்கள். அங்கே வைத்தால் டிக்கெட் காசு தேறாது, எங்கள் ஊரில் வையுங்கள் என்றது பிராக். சங்கம் சம்மதித்தது. கார்ல்ஸ்ரூவே ஒத்துக்கொள்ளவில்லை. இழுத்தடித்து இழுத்தடித்துக் கடைசியில் சங்கம் எடுத்த முடிவு விசித்திரமானது: இரண்டு பேரும் நேராக அரையிறுதியில் ஆடிக்கொள்ளுங்கள், இடம் லைப்சிக்.

அந்த ஆட்டத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் கார்ல்ஸ்ரூவேக்கு ஒரு தந்தி. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது, இப்படிக்கு ஜெர்மன் கால்பந்துச் சங்கம். அவர்களும் நம்பி ஊரிலேயே தங்கிவிட்டார்கள். லைப்சிக்கில் பிராக் அணி தயாராக நிற்கிறது, எதிர் அணியைக் காணவில்லை. சங்கம் அப்படி ஒரு தந்தியை அனுப்பவே இல்லை, யாரோ வேலையைக் காட்டியிருக்கிறார்கள். வராத அணி தோற்ற அணி என்று பிராக்கை இறுதிக்கு அனுப்பினார்கள். கார்ல்ஸ்ரூவே கொடுத்த புகார் எடுபடவில்லை. சங்கத் தலைவர் நாற்காலியில் இருப்பவர் பிராக்காரர், ஆதாயம் அடைந்தது பிராக், ஆகவே சந்தேகம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அனுப்பியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தந்தி ஆபீஸில் காசைக் கட்டினால் யார் பெயரில் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற காலம், ஹுப்பேயைக் குற்றம் சொல்ல ஒரு சாட்சியமும் கிடையாது. என்னைக் கேட்டால் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு ஊர்க்காரர்களும் வந்து நிற்க வேண்டிய ஆட்டத்தில், ஒரு தந்தியை நம்பி ஒரு அணி வராமல் போனது தெரிந்த பிறகும், இன்னொரு தேதி குறிக்காமல் முடிவைக் கையில் கொடுத்தார்கள் பாருங்கள், அது சங்கத்தின் சோம்பேறித்தனம்.

இறுதிப்போட்டி மே 31, ஆல்ட்டோனாவில். இன்று அது ஹாம்பர்க்கின் ஒரு பகுதி, அன்று தனி ஊர். ராணுவம் அணிவகுப்புப் பழகும் புல்வெளிதான் மைதானம். ரெஃப்ரி ஃபிரான்ஸ் பேர் உள்ளூர் ஆல்ட்டோனா கிளப்காரர், அந்த கிளப் அரையிறுதியில் லைப்சிக்கிடம் 6-3 என்று தோற்றிருந்தது. நாட்டின் முதல் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் ஆட்டம், இரண்டு அணியும் வரிசையாக நிற்கிறது, உதைப்பதற்கு ஒழுங்கான பந்து இல்லை! இருந்த பந்து உருப்படியாக இல்லை, வேறு பந்து கொண்டுவர ஆள் ஓடி, அரை மணி நேரம் போலத் தாமதமாகத்தான் ஆட்டம் தொடங்கியது. வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம் போனால் இரண்டாயிரம் பேர், வசூலான தொகை 473 மார்க்.

முதல் கோல் பிராக் அணியுடையது, மேயர் அடித்தார். இடைவேளையில் 1-1. அப்புறம் லைப்சிக் அடி அடி என்று அடித்து 7-2 என்று முடித்தது. முந்தின ராத்திரி பிராக் பையன்கள் ஹாம்பர்க்கின் ரீப்பர்பான் தெருவில் விடிய விடியக் கூத்தடித்ததுதான் காரணம் என்று ஒரு கதை காலகாலமாகச் சொல்லப்படுகிறது. இருக்கலாம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ராத்திரி முழுக்கக் குடித்தவன் முதல் பாதியில் சமமாக ஆடி இரண்டாம் பாதியில் மட்டுமா தள்ளாடுவான்? தொடரில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நேராக இறுதியில் இறங்கியவர்கள், இரண்டு நல்ல ஆட்டம் ஆடிவிட்டு வந்தவர்களிடம் மூச்சு வாங்கினார்கள் என்பதே போதுமான காரணம்.

அதற்குப் பிறகு ஜெர்மன் சாம்பியன்ஷிப்பில் பிராக் இல்லை. 1904 மே 21-ல் பாரிஸில் ஃபிஃபா தொடங்கப்பட்டது. ஜெர்மன் சங்கம் கூட்டத்துக்கு ஆள் அனுப்பவில்லை, நாங்களும் சேருகிறோம் என்று அன்றே தந்தி கொடுத்தது (இந்தத் தந்தி நிஜமானது). சேர்ந்த பிறகு அடுத்த நாட்டு எல்லைக்குள் இருக்கும் கிளப்பை வைத்துக்கொள்ள முடியாது. அதே வருடம் ஆஸ்திரியாவுக்கும் தனிச் சங்கம் வந்துவிட்டது. சங்கத்தைத் தொடங்கிய கிளப்புகளில் ஒன்று, முதல் தலைவரைக் கொடுத்த கிளப், நான்கே வருடத்தில் வெளியே. யாரும் அவர்களைத் துரத்தவில்லை, கோடு போட்டபோது அவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். பிற்பாடு செக்கோஸ்லோவாக்கியா உருவானபோது அங்கிருந்த ஜெர்மன் கிளப்புகளின் லீகில் இவர்கள் பலமான அணியாக இருந்தார்கள்.

யூத கிளப் என்று உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. உறுப்பினர்கள், ஆட்டக்காரர்கள், பணம் கொடுத்தவர்கள் என்று யூதர்கள் நிறையப் பேர், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1909-ல் வியன்னாவில் தொடங்கிய ஹக்கோவா, நாங்கள் யூதர்கள் என்று நெஞ்சில் தாவீதின் நட்சத்திரம் குத்திக்கொண்டு ஆடிய கிளப். டி.எஃப்.சி. அப்படி ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை, தன்னை ஜெர்மன் என்றுதான் சொன்னது, லெட்னா மேட்டில் எதிர்த்து ஆடிய செக்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். 1939 மார்ச்சில் ஜெர்மன் ராணுவம் பிராக்குக்குள் வந்தது, அந்த வருடமே கிளப் கலைக்கப்பட்டது. ஜெர்மானியர்கள் வந்து மூடிய ஜெர்மன் கிளப் அது. நாஜிகளின் கணக்கில் இவர்கள் ஜெர்மானியர்களே இல்லை.

கார்ல்ஸ்ரூவேக்காரர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடமும் ஒரு ஆட்டத்தைப் பொது இடத்தில் வைக்காமல் எதிரணியின் ஊரான பெர்லினில் வைத்தார்கள், இவர்கள் 6-1 என்று தோற்றார்கள், உடனே புகார். இந்த முறை புகார் எடுபட்டது, எப்படியென்றால் இறுதிப்போட்டி நடக்கவேண்டிய நாளிலேயே அதை ரத்து செய்து, 1904-க்குச் சாம்பியனே கிடையாது என்று ஆக்கிவிட்டது. நீங்கள் பார்த்த பட்டியலில் அந்த வருடம் காலியாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதே வருடம் ஹுப்பே தலைவர் பதவியிலிருந்து விலகினார், அவர் இடத்துக்கு வந்த ஃபிரீட்ரிஷ்-வில்ஹெல்ம் நோஹே கார்ல்ஸ்ரூவே கிளப்பைச் சேர்ந்தவர். கோப்பையைத் தொட அந்த கிளப் 1910 வரை காத்திருந்தது.