போரே நடத்தாத ஜெனரல் பத்மநாபனுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

நல்ல கேள்வி. அவர் 2024 ஆகஸ்ட் 19 அன்று சென்னையில், 83 வயதில் காலமானபோது, பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் மாமா தே தாரிக் தேநீரை ஆறவிட்டுவிட்டு அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

திருவனந்தபுரத்தில் பிறந்தவர், பீரங்கிப் படைக்காரர். 1993-95 காலத்தில், காஷ்மீர் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம், அங்கே 15ஆவது கோர் என்ற பெரிய படைப்பிரிவின் தளபதி. அப்புறம் 2000 முதல் 2002 முடிய இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதி.

2001 டிசம்பர் 13 அன்று டெல்லி நாடாளுமன்றம் தாக்கப்பட்டதும் படை பாகிஸ்தான் எல்லைக்கு நகர்ந்தது, லட்சக்கணக்கான வீரர்கள் சுமார் பத்து மாதம் உத்தரவுக்காகக் காத்துக் கிடந்தார்கள், கண்ணிவெடி புதைக்கும்போதும் விபத்துகளிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். போர் வரவில்லை. 2002 ஜனவரியிலேயே தாக்குவதென்று அரசு முடிவெடுத்திருந்தால் பெரிய ராணுவ ஆதாயம் கிடைத்திருக்கும் என்று ஓய்வுக்குப் பிறகு அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை, இரண்டு பக்கமும் அணு ஆயுதம் இருந்ததே! ஆனால் பதவியில் இருந்தவரை அரசின் முடிவுக்குக் கட்டுப்பட்டு, அத்தனை பெரிய படையை நிலைகுலையாமல் நிறுத்தி வைத்தாரே, என் மரியாதை அதற்குத்தான்.